வைரத்தை விழுங்கினால்

அன்புள்ள ஐயா,

வைரத்தை விழுங்கினால் குடல் அறுந்து சாவு நிச்சயம் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மோதிரத்து வைரத்தைப் பொடித்துத் தின்று உயிரை விட்ட ராணிகளின் கதைகளும் உண்டு. ஆனால் நகைக்கடையில் வைரத்தை விழுங்கியவன், கற்களை வயிற்றில் வைத்துக் கடத்தியவன் என்று அடிக்கடி செய்தி வருகிறது. அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே, எப்படி?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

குடல் அறுபடும் என்பது கட்டுக்கதைதான். குடலின் உள்சுவர் வழவழப்பானது, வழிவிடக்கூடியது. சின்னக் கல்லாக இருந்தால் புளியங்கொட்டை மாதிரி சில நாட்களில் தானாக வெளியே வந்துவிடும். இரைப்பையின் அமிலத்தால் வைரத்தை ஒன்றும் செய்ய முடியாது, மாணிக்கத்தையும் நீலத்தையும்கூட. முத்தை விழுங்குகிறவன்தான் ஏமாளி. அது சுண்ணாம்புச் சேர்மம், அமிலம் அதன் மேற்பூச்சை அரித்துவிடும். தோடு, பதக்கம் என்றால் கொக்கியும் முனையும் குத்தலாம், அது வேறு கதை. போதைப்பொருள் பொட்டலம் வயிற்றுக்குள் உடைந்தால் ஆளே காலி. கல்லில் அந்தப் பயம் இல்லை.

அதனால்தான் இந்த வித்தை இவ்வளவு பழையது. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே இதை எழுதியிருக்கிறார். 50 வேலையாட்களுக்கு 12 முதல் 15 காவலர்கள். உடம்பில் ஒரு சின்னத் துணி மட்டும், ஒளித்துவைக்க இடமில்லை, எனவே விழுங்கிவிடுவார்களாம். ஒருவன் ஏறக்குறைய இரண்டு காரட் கல்லைக் கண்ணின் ஓரத்தில் செருகிவைத்து மாட்டிக்கொண்டான். தூசி விழுந்தாலே நாம் துடித்துப்போகிறோம்! அந்த வேலையாட்களின் ஆண்டுக்கூலி மூன்று வராகன், அதாவது மூன்று பொற்காசு என்றும் அதே மனிதர் எழுதுகிறார். நான் அவர்களைத் திருடர்கள் என்று சொல்லத் தயங்குவது இதனால்தான்.

தென்னாப்பிரிக்காவின் வைரச் சுரங்க நகரமான கிம்பர்லியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1880களின் நடுவிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை மூடிய வளாகங்களில் அடைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். கல்லை வெளியே எறிந்துவிடக் கூடாது என்று மேலே கம்பிவலை. ஊருக்குப் போகும் நாள் நெருங்கினால் தனி அறை. துணியைக் களைந்துவிட்டு ஒரு போர்வையைத் தருவார்கள். கைகளில் தோல் உறை மாட்டிப் பூட்டுவார்கள், வெளியே வந்த கல்லை எடுத்து மறுபடி விழுங்கிவிடாமல் இருக்க. பேதி மருந்து கொடுத்து, மலத்தை அலசித் தேடுவார்கள். இப்படிச் சில நாட்கள். வெள்ளைத் தொழிலாளிகளையும் உடை களைந்து சோதிக்கப் பார்த்தபோது 1884இல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் சிலர் இறந்தார்கள். அப்புறம் அந்தச் சோதனை கறுப்பர்களுக்கு மட்டும் என்றானது. கள்ள வைரத்தை வாங்கிப் பணக்காரர்களான வியாபாரிகளின் வயிற்றை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

இன்றைய நகைத்திருடர்களிடம் எனக்கு அந்தப் பரிவு கிடையாது. சாமர்த்தியமும் குறைவுதான். விழுங்கியாகிவிட்டது, சரி, அடுத்து? போலீஸ் எதையும் செய்ய வேண்டாம், காத்திருந்தால் போதும். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் சுமார் 7,70,000 டாலர் மதிப்புள்ள வைரத் தோடுகளுடன் ஓடிய ஒருவர் கைதாகும்போது அவற்றை விழுங்கிவிட்டார். எக்ஸ்ரேயில் தெரிந்தது. மருத்துவமனையில் பத்து நாளுக்கு மேல் காவல் இருந்து, வந்ததும் கழுவி எடுத்துக்கொண்டார்கள். வைரம் வெறும் கார்பன் என்பதால் எக்ஸ்ரேயில் மங்கலாகத்தான் தெரியும். உலோகம்தான் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இந்த வகையில் மூளையைப் பயன்படுத்தியவர்கள் என்று நான் ஒப்புக்கொள்வது 2012இல் கொழும்பு ரத்தினக் கண்காட்சிக்கு வந்த இருவரை. ஒருவன் கல்லை வாயில் போட்டு விழுங்கினான். கடைக்காரர் கூச்சல் போட, அவனைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கல் வெளியே வந்தது, பரிசோதித்தால் போலி. அசலைக் கூட வந்தவன் எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான் என்று போலீஸ் சொன்னது.