பிரபலங்களைப் படமெடுக்க விரும்பும் மகன்: வெள்ளவத்தைத் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த மகன், பத்திரிகைக்குப் படமெடுக்கப் போகிறேன் என்கிறான். நடிகர்களுக்கும் கிரிக்கெட் வீரர்களுக்கும் பின்னால் ஓடுவதும் ஒரு தொழிலா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில்தான். ஆனால் பிரபலங்களை மட்டும் படமெடுத்துக் கொழும்பில் குடும்பம் நடத்துவது கடினம். காலையில் அமைச்சரின் ஊடகச் சந்திப்பு, மதியம் கோட்டையில் ஆர்ப்பாட்டம், இரவில் பிரேமதாச மைதானத்தில் ஆட்டம் என்றுதான் நாள் போகும்.

பிரபலம் கமராவுக்கு முன்னால் நிற்பது சில நிமிடங்கள். 1941இல் கனடாவின் ஒட்டாவாவில் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் யூசுப் கார்ஷ், முதல் நாள் மாலையே விளக்குகளைப் பொருத்திவைத்துவிட்டார். சேர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை அவர் பிடுங்கிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மாணவர்களுக்கு நான் சொல்வது அந்த முந்தின மாலையைப் பற்றி.

மேடையில் நிற்கும் ஏழு பேரின் பெயரையும் பதவியையும் இடமிருந்து வலமாகப் பிழையின்றி எழுதி, நிகழ்ச்சி முடியுமுன்பே படத்தோடு ஆசிரியபீடத்துக்கு அனுப்புகிறவனையே மறுபடி கூப்பிடுவார்கள். இதை மகன் இன்றிலிருந்தே பழகலாம். சிங்களமும் சரளமாக வரவேண்டும். வாசலில் நிற்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசத் தெரியாதவன் வாசலிலேயே நிற்பான். அரச நிகழ்வுகளில் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டையைக் கேட்பார்கள். ஆகவே தொடக்கத்தில் ஏதாவது ஒரு பத்திரிகையில் சேர்வதே நல்லது. சேருமுன் ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்லுங்கள்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, ஊழியர் வேலையில் எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பிரசுரித்தோ விற்றோ பயன்பெறும் உரிமை, தொழில்தருநருக்கே.

1997இல் பாரிஸில் டயானாவைத் துரத்தியவர்களைப்போல் ஆகிவிடுவானோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆஸ்பத்திரி வாசலிலும் மரண வீட்டிலும் அழும் முகத்துக்கு நேரே கமராவை நீட்டாதே என்று இப்போதே சொல்லிவையுங்கள். அவன் உங்கள் சொல்லைத்தான் நினைவில் வைத்திருப்பான்.

நகையை அடகு வைத்துப் புதுக் கமரா வாங்க வேண்டாம், அம்மா. பாவித்த கமரா ஒன்றும் தூரத்தில் நிற்பவரைக் கிட்டக் காட்டும் பாவித்த 70–200 மி.மீ. லென்ஸ் ஒன்றும் முதல் இரண்டு வருடங்களுக்குத் தாராளமாகப் போதும். கணக்கியலையும் மாலை வகுப்பில் தொடரட்டும். சுயாதீனமாக உழைப்பவனுக்குக் கணக்கு எழுதத் தெரிவது பெரிய பலம்.

அடுத்த சந்திப்புக்கு அவனையும் அழைத்து வாருங்கள். அவன் எடுத்த படங்களில் பதினைந்தைக் கொண்டுவரட்டும். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று எழுதியிருக்க வேண்டும்.