காற்றுக்கு வரம்பு வைக்கிற வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

அம்மா, மகள் காற்று மாசு பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா, இல்லை கொடி பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்பாளா என்று கேட்டிருந்தீர்கள். வேலை இருக்கிறது. ஆனால் 'சுற்றுச்சூழல்' என்று பெயர் வைத்த படிப்புக்குள் மட்டும் இல்லை, அதைத்தான் உங்களுக்கும் அவளுக்கும் சொல்ல வேண்டும்.

பிஎம் 2.5 என்கிற நுண்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண்டுச் சராசரிக்கு அமெரிக்கா 1997இல் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது, 2012இல் அதை 12 ஆக்கியது, 2024இல் 9. இந்தியா 2009இல் வைத்தது 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுதானே, எண் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது பரிந்துரை, அரசு வைப்பது சட்டம், மீறினால் யாரோ பதில் சொல்லியாக வேண்டும் என்பது வரை அவளே யோசித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். பல நாடுகள் எதை எட்ட முடியும், எவ்வளவு செலவாகும் என்றும் பார்த்து வரம்பு வைக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் வேடிக்கை: வரம்பை முடிவு செய்யும்போது செலவைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று 2001இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, உடல்நலம் மட்டும்தான் அளவுகோல், செலவுப் பேச்சு எல்லாம் அமலாக்கத்தின்போது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரம்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதும் அங்கே சட்டம் (சொன்ன தேதிக்கு முடிவது அபூர்வம்). வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி மதிப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்கு எவ்வளவு பாதிப்பு என்று கணக்குப் போடுகிறார்கள், வெளியாட்கள் கொண்ட அறிவியல் குழு அதைக் கிழித்துத் தொங்கவிடுகிறது, அப்புறம் வரைவு, பொதுமக்கள் கருத்து, இறுதி ஆணை, கடைசியில் பெரும்பாலும் ஒரு வழக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு தொழில் உட்கார்ந்திருக்கிறது: நோய்ப்பரவலியல், நச்சியல், வேதியியல், புள்ளியியல், பொருளாதாரம், சட்டம்.

இதில் புள்ளியியல்காரர்களுக்குத்தான் மவுசு அதிகம் என்பது என் கணிப்பு. 1993இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆறு அமெரிக்க நகரங்களில் எட்டாயிரத்துச் சொச்சம் பேரைப் பதினாலு பதினாறு வருடம் தொடர்ந்து பார்த்து, மாசு மிகுந்த நகரத்தில் இறப்பு விகிதம் மிகத் தூய்மையான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம் என்று சொன்னது. தொழில்துறை சும்மா விடுமா? மூலத் தரவைக் காட்டு என்றார்கள், வேறொரு குழு முழுக்க மறுபடி கணக்குப் போட்டது, முடிவு நின்றது. அந்த மறு கணக்கைப் போட்டதும் சம்பளம் வாங்குகிற யாரோதானே?

அளவிடுகிற பக்கமும் சின்ன விஷயம் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வட்ட வடிகட்டி, அதன் வழியே நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்தால் மொத்தம் 24 கனமீட்டர். காற்றில் கனமீட்டருக்கு 9 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால் அந்த வடிகட்டியின் எடை கூடுவது 0.2 மில்லிகிராம் அளவுக்குத்தான். அதனால் எடை பார்க்கும் முன் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் 24 மணி நேரம் போட்டுவைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒட்டிய ஈரத்தை மாசு என்று எழுதிவிடுவோம். பொறுமையும் கைச்சுத்தமும் இருக்கிற பிள்ளைக்கு இது அருமையான வேலை, அவசரக்குடுக்கைக்கு நரகம்.

என் யோசனை இதுதான். இளநிலையில் கைத்தொழில் மாதிரி ஒன்றைக் கற்கட்டும், புள்ளியியலோ வேதியியலோ கருவிப் பொறியியலோ எதுவானாலும் சரி. காற்று என்கிற தனிச்சிறப்பை முதுநிலையில் சேர்த்துக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதையும் செய்யத் தெரியாது என்று வந்து நிற்கிறார்கள். இன்னொன்று, அரசுப் பணியிடத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஆட்சி மாறினால் அங்கே வேகமும் மாறும். அளவிடும் கருவி செய்கிறவர்கள், ஆலோசனை நிறுவனங்கள், வரம்பைக் கடைப்பிடித்தாக வேண்டிய ஆலைகள் என எல்லா இடத்திலும் இதே ஆட்கள்தான் தேவை.

சேர்க்கைப் படிவம் நிரப்பும் முன் ஒரு சோதனை. பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு கண்காணிப்பு நிலையத்தின் ஒரு மாத மணிவாரித் தரவை இறக்கி, நாள் சராசரி போடச் சொல்லுங்கள். நடுவில் பல மணி நேரம் காலியாக இருக்கும். அமெரிக்க விதிப்படி 24இல் 18 மணி நேரமாவது இருந்தால்தான் அந்த நாள் முழு நாளாகக் கணக்கில் வரும், ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். காலியாக இருந்த மணி நேரங்களை அவள் என்ன செய்தாள், ஏன் அப்படிச் செய்தாள் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.