ரிட்டயர் ஆனபிறகும் இ.எஸ்.ஐ. உண்டு

கேள்வி: என் வீட்டுக்காரர் கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 22 வருடம் சைடராக (அறுந்த நூலை ஒட்டும் வேலை) இருந்து 58 வயதில் ரிட்டயர் ஆனார். 2,900 ரூபாய் வந்துகொண்டிருந்த பி.எஃப். பென்ஷன் இரண்டு மாதமாக வரவில்லை. லைஃப் சர்டிஃபிகேட் நவம்பரில் கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டோம். அதற்கு ரேகை வைத்தாலும் மெஷின் எடுப்பதில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கே மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் மருந்துக்கடையில் செல்லாது என்கிறார்கள். அவருக்குப் பிறகு எனக்கு ஏதாவது வருமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கோவை

பதில்: கூச்சமே வேண்டாம் அம்மா. அவர் நன்றாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான் இது. 1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், கணவர் வாங்கிய பென்ஷனில் பாதி மனைவிக்கு வரும். உங்கள் கணக்கில் 1,450 ரூபாய். பாதி ஆயிரத்துக்குக் கீழே போனாலும் ஆயிரம் ரூபாய் உறுதி. பீரோவில் இருக்கும் பி.பி.ஓ.வை (பென்ஷன் வழங்கும் உத்தரவை) எடுத்து, அதில் உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் இப்போதே பி.எஃப். அலுவலகத்தில் மனு கொடுத்துத் திருத்திவிடுங்கள். துக்க வீட்டில் இருந்துகொண்டு அந்த அலைச்சல் ஆகாது.

பென்ஷன் நின்றதற்குப் பெரும்பாலும் அந்த நவம்பர் கணக்குதான் காரணமாக இருக்கும். நவம்பர் என்பது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு. பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு, சர்டிஃபிகேட் கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடம்தான் அது செல்லும். ஆகஸ்டில் கொடுத்திருந்தால் அடுத்த ஆகஸ்டுக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். இப்போது கொடுத்தாலும் நின்றுபோன மாதங்களின் பணம் சேர்ந்தே வந்துவிடும், பயப்படாதீர்கள். அறுந்த இழையை விரலால் முறுக்கி முறுக்கி ஒட்டிய கை, ரேகை தேயத்தான் செய்யும். அதற்காக, ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டிப் பதிகிற வசதி ஜீவன் பிரமாண் செயலியில் இருக்கிறது. போன் பழக்கமில்லை என்றால் தபால் நிலையத்தில் சொல்லி வையுங்கள், தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார்.

மாத்திரை விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. காப்பீட்டு அட்டை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கு. தினமும் போடுகிற மாத்திரையைக் கடையில் வாங்க அது உதவாது. ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு வேறொரு வழி இருக்கிறது. மில்லில் இருந்தபோது சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்திருப்பார்கள். குறைந்தது 5 வருடம் அதில் இருந்து, வயது முடிந்து ரிட்டயர் ஆனவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். மாதத்துக்குப் பத்தே ரூபாய்! டிஸ்பென்சரியில் மாத்திரை, தேவைப்பட்டால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, எல்லாம் அதில் அடக்கம். கணக்கு முடித்து அனுப்புகிற அன்று இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும் நிர்வாகங்கள் மிகக் குறைவு. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பழைய இ.எஸ்.ஐ. எண், மில்லில் கொடுத்த ரிட்டயர்மென்ட் கடிதம், ஆதார், இருவரின் போட்டோ, இவற்றோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். வருடா வருடம் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

அது கைக்கு வரும்வரை கடையில் காசைக் கொட்ட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் சேர்த்துக்கொண்டால், பெண் தன்னார்வலர் வீட்டிலேயே வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கடையில் வாங்கும் சர்க்கரை மாத்திரையில் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு மருந்துகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம். அரசு மருத்துவமனையில் அதையே தனித்தனியாகத் தருவார்கள், நிறமும் அளவும் வேறாக இருக்கும். இது புது மருந்து என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்துப் படபடத்து மயக்கம் வரும். மீதமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, எதை நிறுத்துவது, எதை எந்த வேளைக்குப் போடுவது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.