பழைய கம்ப்யூட்டரும் பயாஸ் செட்டிங்கும்: கேள்வி பதில்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டெஸ்க்டாப்பை இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை, எந்த செட்டிங்கை மாற்றினால் சரியாகும்? நான் பார்த்தவரை, யாரும் தொடாமலே ஒரு செட்டிங் மாறியிருந்தால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பாகம் தளர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் செட்டிங்கை மட்டும் திருப்பி வைத்தால் தொல்லை மறுபடியும் வரும்.

பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். பயாஸ் என்பது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை புரோகிராம். அதற்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல், ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றை மாற்றுங்கள், ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: காலையில் ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது. இணையத்தில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. வைரஸாக இருக்குமோ, சார்?

வைரஸ் இல்லை. மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகையில், இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்குகளையும் கரண்ட் இல்லாத நேரத்தில் காப்பாற்றுவது அதுதான். அந்த செட்டிங்குகள் இருக்கும் நினைவகத்தின் பெயர்தான் சிமாஸ். இணையத் தளங்களின் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று குறித்திருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் நிற்பதால் பிரவுசர் அதை ஏற்க மறுக்கிறது. தேதியைச் சரிசெய்தால் எச்சரிக்கையும் போய்விடும்.

இதில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்காதவர்களுக்கு இந்தத் தொல்லை மாதக்கணக்கில் தெரியாது. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடும். இரவில் சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் உள்ள வீட்டில்தான் காலையில் தேதி குழம்பும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலான போர்டுகளில் இருப்பது சிஆர்2032, 3 வோல்ட். மாற்றும் முன் மின் வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒரு தடவை தொடுங்கள். பேட்டரியின் ஓரத்தில் சின்ன உலோகக் கொக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாக மேலே எழும்பும். ஸ்க்ரூடிரைவரை அடியில் விட்டு நெம்பாதீர்கள், கீழே இருக்கும் தகடு வளைந்துவிடும். புதியதை எழுத்து உள்ள பக்கம், அதாவது பிளஸ் பக்கம், மேலே தெரியும்படி வையுங்கள். எடுத்த பேட்டரியை மேஜையில் விடாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

புது பேட்டரி போட்ட பிறகும் தேதி நிற்கவில்லை என்றால், பேட்டரிக்குப் பக்கத்தில் மூன்று ஊசிகளில் மாட்டிய சின்ன மூடி போன்ற ஜம்பரைப் பாருங்கள். யாராவது அதை 'கிளியர்', அதாவது செட்டிங்குகளை அழிக்கும், நிலையிலேயே விட்டிருக்கலாம்.

கேள்வி: அதே பேட்டரி வேலையை நானும் செய்தேன் அண்ணா. தேதி இப்போது சரி. ஆனால் விண்டோஸ் 7 லோகோ வந்ததும் ஒரு நொடி நீலத் திரை தெரிந்து ரீஸ்டார்ட் ஆகிறது. திரும்பத் திரும்ப இதேதான். ஃபார்மேட் செய்துவிடவா?

செய்யாதே தம்பி. உன் ஃபைல்கள் எல்லாம் அப்படியே பத்திரமாகத்தான் இருக்கின்றன. பேட்டரியை எடுத்தபோது பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குப் போய்விட்டது. அதோடு சாட்டா மோடும், அதாவது ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையும், மாறியிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கோடு பேச இரண்டு வழி உண்டு. ஒன்று ஐடிஇ, பழைய முறை. இன்னொன்று ஏஹெச்சிஐ, புதிய முறை. விண்டோஸை இன்ஸ்டால் செய்த நேரத்தில் எந்த மோடு இருந்ததோ அதற்கான டிரைவரை (அந்த முறையை இயக்கும் புரோகிராமை) மட்டும்தான் விண்டோஸ் 7 தொடக்கத்தில் ஏற்றும். மோடு மாறிவிட்டால் பாதி வழியில் தன் டிஸ்க்கையே காணாமல் நீலத் திரையைக் காட்டிவிடும். அந்தத் திரையைப் படம் பிடிக்க முடிந்தால் பார், பிழை எண் 7பி என்று முடியும்.

பயாஸில் 'சாட்டா மோடு', 'சாட்டா கான்ஃபிகரேஷன்', 'ஸ்டோரேஜ் கான்ஃபிகரேஷன்' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இப்போது ஏஹெச்சிஐ என்றிருந்தால் ஐடிஇக்கு மாற்று; ஐடிஇ என்றிருந்தால் ஏஹெச்சிஐக்கு. எஃப்10 அழுத்திச் சேமி. பெரும்பாலும் அடுத்த முறையே விண்டோஸ் திறந்துவிடும். எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் ஐடிஇ பக்கம் முதலில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எக்ஸ்பியில் ஏஹெச்சிஐ டிரைவர் கூடவே வரவில்லை. பட்டியலில் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் முறை) என்றும் ஒன்று தெரியும். முன்பு அது இருந்ததாக உறுதியாகத் தெரிந்தால் தவிர அதைத் தொடாதே.

எஸ்எஸ்டி போட்டிருப்பதால் ஏஹெச்சிஐதான் வேண்டும் என்பவர்கள், விண்டோஸ் ஓடும் பழைய மோடிலேயே முதலில் உள்ளே போக வேண்டும். விண்டோஸ் 7 என்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம்) சர்வீசஸ் பகுதியில் 'எம்எஸ்ஏஹெச்சிஐ' என்ற இடத்தைத் திறந்து, 'ஸ்டார்ட்' மதிப்பை 0 ஆக்கிவிட்டு, அப்புறம் பயாஸில் மாற்றலாம். விண்டோஸ் 10இல் இன்னும் சுலபம்: 'எம்எஸ்கான்ஃபிக்'கில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், அப்போதே பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள், சேஃப் மோடில் திறந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ராம் போட்டேன். விண்டோஸ் 3.25 ஜிபி என்று காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. 32 பிட் விண்டோஸ் மொத்தம் 4 ஜிபி அளவுக்குத்தான் முகவரி கொடுக்கும். ஒரு தெருவில் கதவு எண்கள் தீர்ந்துபோவது மாதிரி, கிராஃபிக்ஸ் கார்டும் மற்ற பாகங்களும் தங்களுக்கு வேண்டிய எண்களை முதலில் எடுத்துக்கொள்கின்றன. ராமின் ஒரு பகுதிக்கு எண் இல்லாமல் போகிறது. 64 பிட் விண்டோஸுக்கு மாறினால் தீரும். அப்போதும் முழுதாகத் தெரியவில்லை என்றால் பயாஸில் 'மெமரி ரீமேப்' என்பதை ஆன் செய்யுங்கள். இன்டெல் 945 சிப்செட் போர்டில் அந்த வசதியே கிடையாது. அங்கே என்ன செய்தாலும் 4 முழுதாக வராது, அதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: ரெசல்யூஷனை மாற்றினேன். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மட்டும் வருகிறது, திரை கறுப்பு.

மானிட்டர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்றால் ஆன் செய்ததும் எஃப்8 தட்டிக்கொண்டே இருங்கள். எக்ஸ்பியில் 'விஜிஏ மோடு', 7இல் 'லோ ரெசல்யூஷன்' என்று வருவதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் மாற்றுங்கள். எல்சிடிக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். பழைய குண்டு மானிட்டரில் 60 கண்ணை உறுத்தும். அது தாங்குமானால் 75 அல்லது 85 வையுங்கள்.

கேள்வி: யுஎஸ்பி கீபோர்டு விண்டோஸில் வேலை செய்கிறது. ஆனால் பயாஸுக்குள் போக டெலீட் கீயை எவ்வளவு அழுத்தினாலும் போகவில்லை.

பயாஸில் 'யுஎஸ்பி லெகசி சப்போர்ட்' அல்லது 'யுஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்' அணைந்திருக்கும். அதை ஆன் செய்யவே கீபோர்டு வேண்டுமே என்பதுதான் சிக்கல். யாரிடமாவது உருண்டை முனை கொண்ட பிஎஸ்2 கீபோர்டு இரவல் வாங்குங்கள். கம்ப்யூட்டரை முழுக்க அணைத்துவிட்டுத்தான் அதைச் செருக வேண்டும். ஓடும்போது செருகினால் அந்தப் போர்ட்டே போய்விடக்கூடும். அதற்கு முன், இப்போது இருக்கும் கீபோர்டை முன்பக்கத்திலிருந்து எடுத்து, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எக்ஸ்பி கம்ப்யூட்டர், பட்டை கேபிள் மாட்டிய ஹார்ட் டிஸ்க். ஒரு படம் காப்பி செய்தாலே மவுஸ் கூட நகர மறுக்கிறது. ராம் போதவில்லையா? எனக்கு எழுபது வயது, மெதுவாகச் சொல்லுங்கள்.

நிதானமாகவே பார்க்கலாம் ஐயா. ராம் இல்லை என்று நினைக்கிறேன். மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், ஹார்ட்வேர், டிவைஸ் மேனேஜர் என்று போங்கள். அங்கே 'ஐடிஇ கன்ட்ரோலர்' என்பதன் கீழ் 'பிரைமரி ஐடிஇ சேனல்' இருக்கும். அதை இருமுறை கிளிக் செய்து 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பக்கத்தில் 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோடு' என்ற வரியைப் பாருங்கள். 'அல்ட்ரா டிஎம்ஏ' என்றிருந்தால் நல்லது. 'பிஐஓ' என்றிருந்தால் உங்கள் நோய் அதுதான்.

அல்ட்ரா டிஎம்ஏ 5 என்பது நொடிக்கு 100 எம்பி வரை போகும் வழி. பிஐஓவில் அதிகபட்சமே 16.6 எம்பி. அதோடு தகவலை நகர்த்தும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. மவுஸ் நகராததற்குக் காரணம் அதுதான். இந்த மோடை நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள், எக்ஸ்பியே மாற்றியிருக்கும். டிஸ்க்கில் தகவல் பிழையோ தாமதமோ ஆறு முறை சேர்ந்தால் அது வேகத்தை ஒரு படி இறக்கும். அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓவில் வந்து நின்றுவிடும், தானாக மேலே ஏறாது.

அந்தப் பிரைமரி சேனலை ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்து டிஎம்ஏவில் வைத்துவிடும். அன்றே மெஷின் லேசாகிவிடும். ஆனால் இங்கே நிறுத்தக் கூடாது. பிழை வந்ததால்தானே இறங்கியது? பேரப்பிள்ளைகள் யாராவது வரும்போது கேபினெட்டைத் திறக்கச் சொல்லி கேபிளைப் பாருங்கள். நரம்புகள் தடிமனாகத் தெரிந்தால் அது 40 வயர் கேபிள், அந்த வேகத்துக்குப் போதாது. மெல்லிய கோடுகளாக நெருக்கமாக இருந்தால் 80 வயர். அதில் நீல முனை மதர்போர்டில், கறுப்பு முனை ஹார்ட் டிஸ்க்கில், சாம்பல் முனை இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதில்.

கேபிளை மாற்றிய பிறகும் சில வாரத்தில் பிஐஓவுக்கு இறங்கினால் டிஸ்க்கே தளர்கிறது என்று பொருள். போட்டோக்களையும் முக்கியமான கடிதங்களையும் அதற்கு முன்பே, முடிந்தால் இன்றைக்கே, பென் டிரைவில் எடுத்துவிடுங்கள் ஐயா. டிஸ்க் கடையில் கிடைக்கும், போட்டோ கிடைக்காது.

கேள்வி: எக்ஸ்பியில் 500 ஜிபி டிஸ்க் மாட்டினேன், 128 என்றுதான் தெரிகிறது.

சர்வீஸ் பேக் போடாத எக்ஸ்பியாக இருக்கும். பழைய முறையில் 28 பிட் முகவரிதான். அதில் எட்டக்கூடியது 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், பயாஸும் பெரிய டிஸ்க்கை அறிய வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டரில் நிரப்பிய டிஸ்க் என்றால், சரிசெய்யும் வரை அதில் எதையும் எழுதாதீர்கள். எல்லையைத் தாண்டி எழுதப் போனால் இருக்கும் ஃபைல்கள் அழியும்.

கேள்வி: ஹெட்போன் பின்னால் மாட்டினால் கேட்கிறது, முன்னால் மாட்டினால் கேட்கவில்லை.

பயாஸில் 'ஃப்ரன்ட் பேனல் டைப்' என்று ஒன்று இருக்கும். கேபினெட்டிலிருந்து வரும் ஆடியோ வயரின் முனையில் 'ஏசி97' அல்லது 'ஹெச்டி ஆடியோ' என்று அச்சடித்திருப்பார்கள். வயரில் இருப்பதையே பயாஸிலும் வையுங்கள். இரண்டு முனையும் தொங்கினால் ஹெச்டியை மட்டும் மாட்டுங்கள்.

கேள்வி: தினமும் 'சிபியு ஃபேன் எரர்' வந்து நிற்கிறது. எஃப்1 அழுத்தினால் போகிறது. இந்த எச்சரிக்கையை எங்கே அணைப்பது?

அணைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அதை இங்கே சொல்ல மாட்டேன், கோபப்படாதீர்கள். ஃபேன் உண்மையில் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது நின்றிருக்கிறது. கேபினெட்டின் பக்கப் பலகையை எடுத்துவிட்டு ஆன் செய்து, கை வைக்காமல் கண்ணால் பாருங்கள். திணறித் திணறிச் சுற்றினால் ஹீட்சிங்க்கில் (ஃபேனுக்கு அடியில் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) தூசி அடைத்திருக்கும். அணைத்து, வயரைப் பிடுங்கி, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும்.

நன்றாகச் சுற்றியும் எச்சரிக்கை வந்தால், ஃபேன் வயர் வேறு முனையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய முனையில்தான் அது இருக்க வேண்டும். பயாஸ் அந்த ஒரு முனையை மட்டும்தான் பார்த்து இந்தச் செய்தியைக் காட்டுகிறது.

கேள்வி: பயாஸை அப்டேட் செய்தால் இப்படிப்பட்ட தொல்லைகள் எல்லாம் போய்விடும் என்கிறார்களே?

பேட்டரி, கேபிள், தூசி எதுவும் அப்டேட்டில் சரியாகாது. புது பிராசஸர் மாட்டுகிறீர்கள், பெரிய டிஸ்க்கை போர்டு ஏற்கவில்லை என்பது போல் குறிப்பான காரணம் இருந்தால் செய்யலாம். நடுவில் கரண்ட் போனால் போர்டே ஆன் ஆகாமல் போகக்கூடும், அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். போர்டின் மாடலோடு ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். அது பெரும்பாலும் போர்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ரெவ்' என்று அச்சடித்திருக்கும். ஒரே மாடலில் இரண்டு ரிவிஷன் இருந்தால் ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் ஏற்றக் கூடாது.