குந்திப் பாருங்கள்: வெண்பன்றிக் கொட்டகை கேள்வி-பதில்

சித்திரை வெயில் ஏறியதும் வந்த கடிதங்கள் இவை. பாதிக் கடிதங்கள் கரண்ட் பில் பற்றி, மீதி பன்றிகளின் மூச்சிரைப்பு பற்றி. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. கீழேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரை உங்கள் கண் உயரத்தில் மாட்டாதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பன்றி படுக்கிற இடத்தில் கட்டுங்கள். அங்கே குந்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். அதன்பிறகு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பன்றிக் கொட்டகைக்கு பிளான் அனுப்பவும். (தஞ்சாவூர்)

எத்தனை தாய்ப்பன்றி? குட்டியாக விற்கப் போகிறீர்களா, கறிக்கு வளர்க்கப் போகிறீர்களா? இடம் எந்தப் பக்கமாக நீண்டிருக்கிறது? தண்ணீர் எங்கிருந்து வரும்? எதையும் எழுதவில்லை. போன மாதமும் ஒருவர் இதே ஒற்றை வரியைத்தான் அனுப்பினார். விவரம் எழுதுங்கள், வரைந்தே தருகிறேன். அதுவரைக்கும் இவ்வளவு போதும்: குட்டி ஈனும் அறைக்கு 80 முதல் 100 சதுர அடி. வளரும் பன்றிக்குக் கூரைக்கடியில் தலைக்கு 10 முதல் 15 சதுர அடி, ஏறக்குறைய அதே அளவு திறந்த முற்றம். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்கு.

கேள்வி: ஜிஐ ஷீட் கொட்டகை, ஏழடி உயரம். எட்டு ஃபேன் போட்டும் பன்றிகள் இளைக்கின்றன. இன்னும் எத்தனை ஃபேன் வேண்டும்? (சேலம்)

ஒன்றுகூட வேண்டாம். உச்சி வெயிலில் வெறும் தகரம் 60 டிகிரிக்குப் போகும். ஏழடியில் அது இருந்தால் பன்றியின் முதுகுக்கு மேலே அடுப்பு எரிகிற மாதிரிதான். ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது, அதற்கு நீங்கள் கரண்ட் பில் கட்டுகிறீர்கள். முதலில் ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள். அதன் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை கட்டும்போது ஓரத்தில் எட்டடி, நடுவில் பன்னிரண்டடி வைத்து, சூடு வெளியேற முகட்டில் ஒரு அடி திறப்பு விடுங்கள்.

தெற்கே மட்டும் கூரையை நீட்டி வடக்கே வெட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மே, ஜூன் மாதங்களில் நம் ஊரில் உச்சிப்பொழுதுச் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் மூன்றடி நீட்டுங்கள்.

கேள்வி: தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும் ஃபாகர் வாங்கலாமா? (கடலூர்)

வேண்டாம். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. புகை போன்ற தண்ணீர் ஆவியாகாமல் கொட்டகைக்குள்ளேயே தேங்கும், புழுக்கம்தான் கூடும். பன்றிக்கு நம்மைப்போல வேர்க்காது. அதனால் வேர்வையை நாம்தான் கொடுக்க வேண்டும். பெரிய துளியாக விழும் ஸ்பிரிங்ளரை முதுகு நனையும்படி இரண்டு நிமிடம் விட்டு, இருபது நிமிடம் நிறுத்துங்கள். குளிர்ச்சி, தண்ணீர் காய்கிற அந்த இருபது நிமிடத்தில்தான் கிடைக்கிறது. ஃபேனை அப்போது ஓட்டுங்கள். நாள் முழுக்கக் குழாயைத் திறந்து வைப்பதால் தரை வழுக்கும், குழி நிறையும், வேறு பயன் இல்லை.

கேள்வி: எட்டு ஈனும் அறைகளிலும் 250 வாட் பல்பு இரவு பகலாக எரிகிறது. கரண்ட் பில் தாங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஈற்றிலும் இரண்டு மூன்று குட்டி தாய்க்கடியில் நசுங்கிச் சாகிறது. இன்னும் பெரிய பல்பு போடலாமா? (நாமக்கல்)

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. இருபது வருடமாகச் சொல்லியும் ஓயாத விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பிறந்த குட்டி உடம்பில் கொழுப்பே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஈரத்தோடு விழுகிறது, அரை மணிக்குள் உடல் சூடு இரண்டு டிகிரி இறங்குகிறது. அதற்கு முதல் வாரம் 32 முதல் 34 டிகிரி வேண்டும். பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கோ 18 முதல் 22 டிகிரி இதம், 25 தாண்டினால் தீவனத்தைக் குறைக்கும். ஒரே அறைக்குள் இரண்டு உயிர், இரண்டு பருவம். நீங்கள் செய்தது என்ன? அறையின் நடுவில் பல்பைத் தொங்கவிட்டு இரண்டையும் கெடுத்துவிட்டீர்கள். சூடு மேலே போய்க் கூரையில் சேர்கிறது, பாதி தாயின் மேல் விழுகிறது. அது சூடு தாங்காமல் எழுந்து எழுந்து புரண்டு படுக்கிறது. அப்படி விழுந்து படுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டிக்கு ஆபத்து. பல்பைப் பெரிதாக்கினால் சாவு கூடும்.

வேண்டியது பெட்டி. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் பழைய பிளைவுட் போதும். மேலே மூடி, முன்னால் குட்டி நுழையும் அளவுக்கு வாசல், அதில் கீற்றுக் கீற்றாக வெட்டிய சாக்குத் திரை, கீழே உலர்ந்த வைக்கோல். மூடியின் ஓட்டையில் 100 வாட் இன்ஃப்ராரெட் பல்பு. ஒயரில் தொங்கவிடாதீர்கள், சங்கிலியில் மாட்டி, கம்பிக் கூண்டு போடுங்கள். வைக்கோலில் பல்பு விழுந்து கொட்டகையே எரிந்த இடத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

சித்திரையில் நண்பகலில் உங்கள் கொட்டகையே 36 டிகிரி. அப்போது பல்பு யாருக்காக எரிகிறது? பகலில் அணையுங்கள். கணக்குப் பாருங்கள்: எட்டு பல்பு, 250 வாட், 24 மணி நேரம் என்றால் நாளைக்கு 48 யூனிட். பெட்டிக்குள் 100 வாட், இரவு 12 மணி நேரம் என்றால் 10 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

சூடு சரியா என்று குட்டியே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். பெட்டி ஓரத்தில் சிதறிப் படுத்தால் சூடு. பக்கவாட்டில் வரிசையாக, தொட்டும் தொடாமலும் கிடந்தால் சரி. வாரத்துக்கு இரண்டு டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். சுவரோரமாகத் தரையிலிருந்து எட்டு முதல் பத்து அங்குல உயரத்தில், சுவரைவிட்டுப் பத்து அங்குலம் தள்ளி, தாய் படுக்கும்போது குட்டி ஒதுங்கத் தடுப்புக் கம்பி உண்டா? அதை நீங்கள் எழுதவே இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள்.

கேள்வி: பன்றிகள் சாணத்திலேயே புரள்கின்றன. என்ன மருந்து? (ஈரோடு)

இது மருந்தால் தீருகிற விஷயம் இல்லை. சில வருடம் முன்பு ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். மதியம் இரண்டு மணி. உரிமையாளர், "இதுங்க சாதியே இப்படித்தான் சார்" என்றார். தரையில் கை வைத்துப் பார்த்தேன். சிமெண்ட் சுட்டது. சாணம் கிடந்த மூலை மட்டும் குளிர்ந்திருந்தது. அந்தக் கொட்டகையில் இருந்த ஒரே ஈரம் அதுதான். வேறு எங்கே படுக்கும்? சாணம் போட ஒரு இடம் காட்டுங்கள்: தாழ்ந்த மூலையை நனைத்து வையுங்கள், புதுப் பன்றி விடுமுன் கொஞ்சம் சாணமும் அங்கே போட்டு வையுங்கள். படுக்கிற இடம் உலர்ந்து, நிழலாக, குளிர்ந்து இருந்தால் பன்றி படுத்த இடத்தில் சாணம் போடாது. இட நெருக்கடியும் இருக்கலாம், தலைக்கு எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: பாலூட்டும் தாய்ப்பன்றி மதியத் தீவனத்தைத் தொடுவதில்லை. (திருநெல்வேலி)

நிப்பிளை (பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) அழுத்தி வரும் தண்ணீரைக் கையில் பிடியுங்கள். கறுப்பு டேங்க், வெயிலில் ஓடும் பைப் என்றால் தண்ணீர் சுடும். குட்டியோடு இருக்கும் தாய் நாளைக்கு 25, 30 லிட்டர் குடிக்க வேண்டும். சுடுநீரை அது தொடாது, தண்ணீர் குடிக்காத பன்றி தீவனமும் தின்னாது. டேங்குக்குப் பந்தல் போடுங்கள், பைப்பை ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். நிப்பிளில் ஒரு லிட்டர் ஜாடி அரை நிமிடத்தில் நிறைய வேண்டும். தீவனத்தை விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் வையுங்கள்.

கேள்வி: குளிருக்காக நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினேன். எல்லாம் இருமுகின்றன. (கோத்தகிரி)

முகட்டுத் திறப்பையும் அடைத்திருப்பீர்கள். உள்ளே குந்தி உட்காருங்கள். கண் கரித்தால், சாணம் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு மிஞ்சிவிட்டது. காற்று அடிக்கிற பக்கம் மட்டும், பன்றி உயரத்துக்கு மூன்றடி அடையுங்கள், அதற்கு மேலே திறந்திருக்கட்டும். ஊதுவத்தி ஏற்றித் தரையோரம் பிடியுங்கள். புகை படுத்து ஓடினால் பன்றிமேல் காற்று அடிக்கிறது, அங்கே அடையுங்கள். ஒரு சாண் கனத்துக்கு உலர்ந்த வைக்கோல் போட்டால் ஹீட்டர் வேண்டியிருக்காது.

கேள்வி: கொட்டகைக் கூரையில் சோலார் போடலாமா? (திண்டுக்கல்)

போடலாம். ஷீட்டுக்கும் பேனலுக்கும் இடையில் அரையடி இடைவெளி விடுங்கள், நிழலும் கிடைக்கும். ஆனால் பெட்டி, கூரை, தண்ணீர் மூன்றையும் சரி செய்த பிறகு எத்தனை பேனல் என்று கணக்குப் போடுங்கள். பாதி போதும் என்று தெரியவரும்.

கேள்வி: சாணத்தில் கேஸ் எடுத்துக் குட்டிகளுக்குச் சூடு கொடுக்க முடியுமா? (கிருஷ்ணகிரி)

முடியும். கறிக்கு வளரும் பத்துப் பன்றியின் சாணத்தில் நாளைக்கு ஒன்றரை கனமீட்டர் அளவு கேஸ் வரும், முக்கால் கிலோ எல்பிஜிக்குச் சமம். அடுப்பைக் கொட்டகைக்கு வெளியே வைத்துத் தண்ணீரைச் சூடாக்கி, குட்டிப் பெட்டியின் அடியில் குழாயில் ஓடவிடுங்கள். உள்ளே தீ வேண்டாம்.

சாணக் குழியில் யாரும் இறங்கக் கூடாது. அடைப்பு எடுக்கக்கூட வேண்டாம். குழியைக் கலக்கும்போது அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும் வாயு, அளவு கூடினால் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை, அவரைத் தூக்க இறங்குகிறவரும் வருவதில்லை. அடைப்பை நீளக் கம்பால் வெளியிலிருந்தே எடுங்கள், குழந்தை தூக்க முடியாத கனத்தில் ஒரு மூடி போடுங்கள்.