மிச்சப் பணத்தில் நட்சத்திரத்தை வாங்காதீர்கள், ஜூலையில் விற்கக்கூடிய பிட்சரை வாங்குங்கள்

கேள்வி: மறுகட்டமைப்பில் இருக்கும், அதாவது இப்போதைக்குத் தோற்றாலும் பரவாயில்லை என்று இளம் வீரர்களை வளர்க்கும், ஒரு பேஸ்பால் அணிக்குச் சம்பளக் கணக்கில் 3 கோடி டாலர் மிச்சம் இருந்தால், அதை எதில் போட வேண்டும்?

சிகாகோவில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். நான் போய் இறங்கிய 2012-ல் கப்ஸ் அணி 162 ஆட்டங்களில் 101-ஐத் தோற்றது. சீசன் டிக்கெட் வைத்திருந்த ஆபீஸ் நண்பர்கள், யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று டிக்கெட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாத நான் பேஸ்பால் பழகியது அந்த ஓசி டிக்கெட்டில்தான். தோற்கிற அணியைப் பார்த்துப் பழகியதால், ஆட்டத்தைவிட அதன் கணக்குவழக்கு எனக்கு முதலில் பிடிபட்டது.

ஐபிஎல் பார்ப்பவர்கள் முதலில் அந்த ஏலக் கணக்கை மறந்துவிட வேண்டும். அங்கே எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ். அமெரிக்க பேஸ்பால் லீகான எம்.எல்.பி.யில் அப்படி உச்சவரம்பு கிடையாது. ஒரு கோட்டைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான்; 2025-ல் அந்தக் கோடு 24.1 கோடி டாலர். கீழ்வரம்பும் கிடையாது. 2013-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 3 கோடிக்கும் குறைவான சம்பளப் பட்டியலோடு சீசனைத் தொடங்கி 111 ஆட்டம் தோற்றது. ஆக, தோற்கிற அணிக்கு மிச்சப் பணம் என்பது சட்டம் விட்டுவைத்த இடம் அல்ல, முதலாளி மனசு வைத்தால் கிடைக்கும் இடம்.

"எப்படியும் தோற்கத்தானே போகிறோம், சேமித்து வைத்தால் ஜெயிக்கிற வருடத்துக்கு ஆகுமே" என்று தோன்றும். ஆகாது. இந்த வருடம் செலவழிக்காத பணம் அடுத்த வருடம் அணிக்கு வரும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பெரும்பாலும் அது முதலாளியின் லாபக் கணக்கில் போய் உட்காரும். அணிகளுக்கிடையிலான வருமானப் பங்கீட்டில் வாங்கிய பணத்தை அணிக்குச் செலவழிக்கவில்லை என்று வீரர்கள் சங்கம் 2018-ல் நான்கு அணிகள்மீது புகாரே கொடுத்தது.

சரி, அப்படியே சின்னப் பையன்களிடம் போட்டுவிடலாமா? அந்த வாசலுக்கும் பூட்டு போட்டுவிட்டார்கள். 2012 முதல் டிராஃப்டில், அதாவது பள்ளி, கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில், எடுக்கும் பையன்களுக்குக் கொடுக்கும் போனஸுக்கு ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஒதுக்கீடு. 5 சதவீதத்துக்குமேல் தாண்டினால் அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும். டிராஃப்டில் வராத டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா பையன்களுக்கு 2017-லிருந்து அதைவிடக் கறாரான வரம்பு. கையில் பணம் இருக்கிறது, நமக்கு வேண்டிய வயதில் ஆளும் இருக்கிறான், ஆனால் நேர்வழியில் வாங்க முடியாது. அதனால்தான் சுற்றுவழி: பெரியவர்களைப் பணம் கொடுத்து வாங்குவது, வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு நெருங்கும் ஜூலையில் அவர்களைக் கோப்பைக்குப் போராடும் அணிகளுக்குக் கொடுத்துச் சின்னவர்களை வாங்குவது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். 2013 சீசனுக்கு முன் கப்ஸ் ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, ஒரு வருடத்துக்கு, 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் டெக்ஸஸில் சுமாராகத்தான் வீசியிருந்தார். அவர் வீசிய ஒரு ஆட்டத்துக்கு, கப்ஸின் மைதானமான ரிக்ளி ஃபீல்டின் பிளீச்சரில், சாய்மானம் இல்லாத பெஞ்சில், மொட்டை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் அந்தப் பச்சை ஸ்கோர் போர்டு. 1937-லிருந்து அதே போர்டு, உள்ளே ஆள் நின்று எண் தகட்டைக் கையால் மாற்றுவார். பக்கத்தில் ஒரு பெரியவர், பென்சிலால் ஸ்கோர் அட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். ஃபெல்ட்மன் ஒருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்ததும் கட்டத்தில் அதற்கான 'கே' குறியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா வீசுறான்ல?"

"ஆமாம் சார்."

"அதனாலதான் ஜூலைல இருக்க மாட்டான்."

எனக்கு அப்போது புரியவில்லை. நன்றாக வீசுகிறவரை எதற்கு அனுப்ப வேண்டும்?

ஜூலை 2-ஆம் தேதி ஃபெல்ட்மனையும் ஸ்டீவ் கிளெவஞ்சர் என்ற கேட்சரையும் பால்டிமோர் ஓரியோல்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்கள் ஜேக் அர்ரியேட்டா, பெட்ரோ ஸ்ட்ரோப் என்ற இரண்டு பிட்சர்கள். ஆபீஸ் கேன்டீனில் ஒரே சிரிப்பு. அந்த சீசனில் பால்டிமோருக்காக வீசிய ஐந்து ஆட்டங்களில் அர்ரியேட்டா 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 7.23 ரன் கொடுத்திருந்தார். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல அள்ளிக் கொடுத்தவர். ஆனால் கையில் வேகம் இருந்தது, இன்னும் சில வருடங்களுக்குச் சம்பளமும் கட்டுக்குள் இருந்தது. 2015-ல் அதே ஆள் 22 வெற்றி, 6 தோல்வி, சராசரி 1.77, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. கோப்பைக்கான இறுதித் தொடரான 2016 உலகத் தொடரில் இரண்டாவது ஆட்டத்தையும் ஆறாவது ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார். 1908-க்குப் பிறகு கப்ஸ் வாங்கிய முதல் கோப்பை. ஸ்ட்ரோப் பல வருடம் கடைசி இன்னிங்ஸ்களைத் தாங்கினார். எல்லாம் அந்த 60 லட்சத்தில் முளைத்தது.

அடுத்த வருடமும் அதே தொகை, அதே வித்தை. ஜேசன் ஹாம்மல் என்ற பிட்சரை எடுத்து, ஜூலையில் இன்னொரு பிட்சர் ஜெஃப் சமார்ஜாவோடு சேர்த்து ஓக்லண்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர்தான் ஷார்ட்ஸ்டாப் ஆடிசன் ரசல், 2016 தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தவர். வேடிக்கை என்னவென்றால் ஹாம்மல் அந்தக் குளிர்காலத்திலேயே திரும்ப வந்து கப்ஸில் சேர்ந்துவிட்டார். வாடகைக்கு விட்ட சைக்கிள் வீட்டுக்கு வந்த மாதிரி.

இதே நிர்வாகம், ஃபெல்ட்மனை எடுத்த அதே குளிர்காலத்தில், எட்வின் ஜாக்சன் என்ற இன்னொரு பிட்சருக்கு நான்கு வருடம், 5.2 கோடி டாலர் கொடுத்தது. முதல் வருடமே 8 வெற்றி, 18 தோல்வி. இரண்டாம் வருடம் சராசரி 6.33. 2015 ஜூலையில் விடுவித்துவிட்டார்கள். ஒப்பந்தம் 2016 வரை இருந்ததால், கோப்பை வென்ற வருடத்திலும் கப்ஸ் அவருக்குப் படியளந்துகொண்டிருந்தது; அவரோ மயாமிக்கும் சான் டியேகோவுக்கும் வீசிக்கொண்டிருந்தார். ஜாக்சன் மோசமான ஆள் என்று சொல்ல வரவில்லை. ஒரு வருட ஒப்பந்தம் சொதப்பினால் அக்டோபரில் கதை முடிந்தது. நான்கு வருடம் சொதப்பினால், அவரை வாங்க ஆளும் கிடையாது, அவர் இடத்தில் இன்னொருவரைப் பரிசோதிக்க மனசும் வராது.

ஏன் பிட்சர், ஏன் பேட்டர் இல்லை என்று கேட்கலாம். ஜூலை கடைசியில் கோப்பைக் கனவில் இருக்கும் எல்லா அணிக்கும் ஒரு பிட்சர் குறைவாகத்தான் இருக்கும். யாருக்காவது தோள்பட்டையோ முழங்கையோ போயிருக்கும். அதோடு, அனுபவசாலி ஒருவர் ஆறு இன்னிங்ஸ் வீசினால், தயாராகாத 21 வயதுப் பையனை அவசரமாக மேலே இழுத்துக் கையை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, மற்ற அணிகளின் தலைவலியை விலைக்கு வாங்குவது. 2015 ஜூனில் அரிசோனா, காயத்தில் கிடந்த பிட்சர் பிரான்சன் அர்ரோயோவின் சம்பளத்தைக் கைகழுவ நினைத்தது. பாக்கி சுமார் 1 கோடி டாலர். அந்தச் சுமையோடு, முந்தைய வருடம் முதல் சுற்றில் எடுத்த டூக்கி டூசான் என்ற பையனையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு மாற்று ஆட்டக்காரரை மட்டும் வாங்கிக்கொண்டது. அட்லாண்டா செய்தது என்ன? 1 கோடிக்கு ஒரு முதல் சுற்றுப் பையனை வாங்கியது. டிராஃப்டில் இப்படிக் கூடுதலாக ஒருவரைப் பணத்துக்கு வாங்க முடியவே முடியாது. டூசான் பிறகு பெரிய ஆளாக வரவில்லை என்பது வேறு விஷயம். இந்த லாட்டரிச் சீட்டுகளில் பாதிக்குமேல் விழாது. அதனால்தான் நிறையச் சீட்டு வாங்க வேண்டும்.

2023 ஜூலையில் நியூயார்க் மெட்ஸ் இதையே தலைகீழாகச் செய்தது. நட்சத்திரப் பிட்சர் மேக்ஸ் ஷெர்ஸரை டெக்ஸஸுக்கு அனுப்பும்போது அவருடைய மீதிச் சம்பளத்தில் சுமார் 3.5 கோடியைத் தானே ஏற்றுக்கொண்டது. "சம்பளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் நல்ல பையனாகக் கொடுங்கள்" என்ற பேரம். வந்தவர் லூயிஸ்ஆங்கெல் அகூன்யா, அட்லாண்டாவின் நட்சத்திரம் ரொனால்ட் அகூன்யாவின் தம்பி.

அப்படியானால் பெரிய பணத்தை எப்போதுதான் போடுவது? சொந்தப் பையன் தேறிவிட்டான் என்று தெரிந்த பிறகு. கப்ஸ் 2013 மே மாதம் தன் இளம் பேட்டர் அந்தோனி ரிஸ்ஸோவுக்கு ஏழு வருடம், 4.1 கோடி கொடுத்துக் கட்டிப்போட்டது. அவருக்கு அப்போது 23 வயது. வெளியிலிருந்து வந்த பிட்சர் ஜான் லெஸ்டருக்கு 15.5 கோடி கொடுத்தது 2014 டிசம்பரில், ரிஸ்ஸோவும் அர்ரியேட்டாவும் நிமிர்ந்த பிறகு.

கேன்சஸ் சிட்டி ராயல்ஸை வைத்து என்னை மடக்குபவர்கள் உண்டு. 2023-ல் 106 தோல்வி. அந்தக் குளிர்காலத்தில் பிட்சர்கள் செத் லூகோவுக்கு மூன்று வருடம், 4.5 கோடி, மைக்கேல் வாக்காவுக்கு இரண்டு வருடம், 3.2 கோடி என்று அள்ளி வீசியது. அடுத்த வருடமே 86 வெற்றி, பிளேஆஃப். உண்மைதான். ஆனால் அவர்களிடம் தேறிவிட்ட சொந்தப் பையன் பாபி விட் ஜூனியர் இருந்தார். அதே குளிர்காலத்தில் அவருக்கு 11 வருடம், 28.87 கோடி கொடுத்தார்கள். அப்படி ஒருவர் உங்கள் அணியிலும் இருந்தால் நான் மேலே சொன்னதையெல்லாம் அழித்துவிட்டு லூகோவை வாங்குங்கள்.

இல்லையென்றால், உங்கள் 3 கோடியில் 1.6 கோடிக்கு இரண்டு ஒரு வருடப் பிட்சர்கள். காயத்திலிருந்து திரும்புகிறவர், இல்லாவிட்டால் போன வருடம் அடி வாங்கியதால் விலை இறங்கியவர். 40 லட்சத்துக்குக் கடைசி இன்னிங்ஸ் வீசும் ஒருவர். மிச்சம் 1 கோடியை ஜூலை வரை தொடாதீர்கள். யாருடைய சம்பளத்தையாவது தலையில் ஏற்றிக்கொள்ள அது வேண்டும். அப்புறம், ஒப்பந்தம் எழுதும்போது "என் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றக் கூடாது" என்ற வரியை ஏஜென்ட் நைசாகச் சேர்க்கப் பார்ப்பார். அதற்குப் பதில் இன்னும் 5 லட்சம் கேட்டால்கூடக் கொடுத்துவிடுங்கள், அந்த வரி மட்டும் வேண்டாம்.