சூறாவளிக் கதையை யார் சொல்வது?

கேள்வி: 1978 நவம்பர் சூறாவளியை வைத்து மட்டக்களப்புக் கதையொன்று எழுதுறன். 'நான்' என்று எழுதவா, 'அவள்' என்று எழுதவா?

முதலில் யாருடைய கண் என்று முடிவெடுங்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள கல்லடியில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் கண் என்றால், கூரைத் தகரம் பறக்கும் சத்தம் கேட்கும். வாவிக்கு அந்தப் பக்கம் நடந்தது அவளுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கதையின் பலம், அதை விட்டுவிடாதீர்கள்.

'அவள்' என்று எழுதினாலும் அவள் மனதுக்குள்ளேயே நிற்கலாம். பலர் பிழைவிடுவது இங்கேதான்: 'அம்மா மனதுக்குள் அப்பாவை நினைத்தா' என்றதும் கண் மாறிவிடுகிறது. 'அம்மாட கை நடுங்கினது' என்றால் அது பிள்ளை கண்டது.

ஊர் முழுவதையும் காட்டத்தான் வேண்டுமென்றால் எல்லாம் அறிந்த கதைசொல்லி உதவும். ஒரு பக்கத்தை 'நான்' என்றும் 'அவள்' என்றும் எழுதி, உரக்க வாசித்துப் பாருங்கள்.